சாட்சிக் கூண்டில் மருத்துவர்



நான் ஓய்வு பெற்ற பின்னரும் என்னை மறவாது தேடி வரும் பழைய மாணவர் சிலர் உளர். அவர்களுள் ஒருவர் அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு மருத்துவராகப் பணி புரிகின்றார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் அவர் காகிதக் கட்டொன்றைக் கையில் ஏந்தி வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். தனியார் மருத்துவர் ஒருவர் செய்த சிகிச்சையினால் தம் கால் ஊனமுற்றதென்று நோயாளி ஒருவர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருந்தார். அச்சிகிச்சை முறைப்படி நடந்ததா என்பது பற்றிக் கருத்துரைக்குமாறு ஆணையம் என் மாணவருக்கு எழுதியிருந்தது. இதில் அவருக்கு ஏற்பட்ட சங்கடம் என்னவெனில், எதிர்க்கட்சியாக நின்ற மருத்துவர் அவருக்கு அறுவை மருத்துவம் கற்பித்த ஆசிரியர்.

"விலகிக்கொள்ளலாமே, தம்பி" என்றேன்.

"ஆணையத்துக்கு உண்மையைத் தெரிவித்துவிட்டேன், ஐயா. அவர்கள் தடை சொல்லவில்லை. நான் விலகினால் அடுத்து வருபவரும் அவரிடம் பயின்றவராகவே இருப்பார். இந்த மாவட்டத்தில் எங்களுள் பலர் அவருடைய மாணவர்கள்தாம். நான் என்ன எழுதட்டும்?"

ஆயுள் முழுவதும் சரித்திரம் கற்பித்தவனிடம் வேறு என்ன விடை கிடைக்கும்? இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் நடந்த ஒரு வழக்கின் கதையை அவருக்குச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

கதைக்குள் புகுமுன் சட்டத்தின் இயல்பு ஒன்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவன் தான் கண்டதைச் சொல்லலாம். காதால் கேட்டதைச் சில வேளைகளில் சொல்லலாம். தான் கருதுவதைச் சொல்லலாகாது. 'அவன் அடித்ததைப் பார்த்தேன்' என்று சொல்வது சாட்சியம். 'அவன் கெட்டவன் என்று நினைக்கிறேன்' என்பது சாட்சியம் அன்று. நினைப்பதும் முடிவு கட்டுவதும் நீதிபதியின் வேலை. இப்பொது விதிக்கு உள்ள பெரிய விலக்கு நிபுணர் சாட்சி. நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 45-ஆம் பிரிவில் இவ்விலக்கை வகுத்து வைத்திருந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 39-ஆம் பிரிவாக உள்ளது. எண் மாறினும் கருத்து மாறவில்லை. நீதிபதிக்குச் சட்டம் தெரியும். எலும்பு எவ்வாறு கூடும் என்பது தெரியாது. தெரிந்தவரை அழைத்துக் கேட்டாக வேண்டும். ஆனால் தெரிந்தவரெல்லாரும் குற்றஞ்சாட்டப் பெற்றவரின் தொழிலைச் சேர்ந்தவர்களே. மருத்துவரின் பிழையை அறியவல்லவர் மற்றொரு மருத்துவரே அன்றோ? இச்சங்கடம் என் மாணவருக்கு முன்பே பலருக்கு நேர்ந்திருக்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். 1767-ஆம் ஆண்டு. வாதியின் பெயர் சிலேட்டர். அவருக்குக் கால் முறிந்தது. ஒரு மருத்துவர் எலும்பைப் பொருத்திக் கட்டினார். ஒன்பது வாரங்கள் கவனிப்பில் இருந்த பின்னர் சிலேட்டர் வீடு திரும்பினார். ஊன்றுகோல் கொண்டு நடந்தார். கட்டை அவிழ்க்க வேண்டியதுதான் எஞ்சியிருந்தது. அதற்காக ஸ்டேபிள்டன் என்ற அப்பாத்திக்கரியை அழைத்தனர். அக்காலத்து அப்பாத்திக்கரி மருந்து கலப்பவராகவும் சிறு வைத்தியராகவும் இருந்தவர். அவர் தாமே கட்டை அவிழ்க்க மனம் இசையாமல், பேக்கர் என்னும் அறுவை மருத்துவரைத் துணைக்கு அழைக்கச் சொன்னார். பேக்கர் சாதாரணமானவர் அல்லர். இலண்டன் மாநகரின் புகழ் பெற்ற புனித பர்த்தலோமேயு மருத்துவமனையில் இருபது ஆண்டுகள் முதன்மை அறுவை மருத்துவராக விளங்கியவர். எலும்பு கூடி வருவதைப் பார்த்து, நல்ல கைகளில்தான் விழுந்தீர்கள் என்று முதலில் இருவரும் நோயாளியிடம் கூறினர்.

மூன்றாம் முறை வந்தபோது நிலைமை மாறிற்று. வாதியின் மகள் நீதிமன்றத்தில் சொன்னதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கின்றது. பேக்கர் தந்தையின் பாதத்தை இரு கைகளாலும் பற்றினார். ஸ்டேபிள்டனைப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்டேபிள்டன் காலைத் தம் முழங்கால்மீது வைத்துக்கொண்டார். படீரென்று ஓர் ஓசை கேட்டது. இயற்கை கூட்டி வைத்ததை நீங்கள் முறித்துவிட்டீர்களே என்று நோயாளி அலறினார். நீட்டும் சிகிச்சைக்கு நீர் உட்பட்டே ஆக வேண்டும் என்றார் பேக்கர். பின்னர், பற்கள் அமைந்த கனத்த எஃகுக் கருவியொன்றைக் காலில் பூட்டினார்கள். அதைக் கொண்டு காலை நீட்டி நேராக்குவது அவர்கள் நோக்கம். மூன்று நான்கு மாதங்கள் கழிந்தும் சிலேட்டர் நலம் பெறவில்லை.

மகள் சொன்னதும் பணியாள் சொன்னதும் கண்டவர் சாட்சியம். அவற்றைக் கொண்டு கால் முறிக்கப்பட்டது என்று அறியலாம். முறித்தது பிழையா என்று எப்படி அறிவது? கோணலாகக் கூடிய எலும்பை மீண்டும் முறித்துச் சீராக்குவது மருத்துவத்தில் உள்ளதுதானே? இதற்கு விடை கூற அறுவை மருத்துவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாட்சிக் கூண்டில் ஏறினர்.

அவர்கள் சொன்னதை நான் என் மாணவருக்கு நிதானமாக எடுத்துரைத்தேன். ஒருவர் சொன்னார்: கால் கோணலாயின் அழுத்திச் சீராக்குவதே முறை, இழுத்து நீட்டுவது முறையன்று, அந்தக் கருவியைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. மற்றொருவர் சொன்னார்: ஓசை கேட்டதென்றால் புதிய எலும்பு நன்கு வளர்ந்து இறுகியிருக்க வேண்டும், அதை முறிப்பது தகாது, கருவியும் தகாதது. மூன்றாமவர் சொன்னார்: நோயாளி காலைத் தரையில் ஊன்றும் நிலையில் இருந்தால், அவரே வேண்டிக்கொண்டாலும் நான் முறித்திருக்க மாட்டேன், எந்நிலையிலும் நோயாளியைக் கேளாமல் செய்திருக்க மாட்டேன். இவர்களுள் முதலிருவர் பேக்கருக்கு எதிராகச் சொன்ன அதே நாவினால், அவர் தம் தொழிலில் சிறந்தவர், நற்பெயர் உடையவர் என்றும் ஆணையிட்டுச் சொன்னார்கள். மூன்றாமவரோ, எலும்பு சரிவரக் கூடாமல் தளர்ந்திருந்தால் இழுத்து நேராக்குவது சரியே என்று பேக்கருக்குச் சாதகமான ஒன்றையும் ஒளிக்காமல் கூறினார்.

என்னைக் கேட்டால், மருத்துவச் சாட்சியத்தின் சரித்திரத்தில் அந்நாளைவிடச் சிறந்த நாள் பல இல்லை என்பேன். அவர்கள் மனிதரைப் பழிக்கவில்லை. செயலை மறைக்கவும் இல்லை. சிறந்த மருத்துவரும் ஒருநாள் தகாதது செய்யக் கூடும் என்பதை அவருடைய தோழர்களே சொன்னார்கள்.

ஜூரர்கள் 500 பவுன் இழப்பீடு அளித்தனர். அக்காலத்துக்கு அது பெருந்தொகை. பிரதிவாதிகள் மறுவிசாரணை கேட்டனர். வழக்கைத் தொடுத்த முறையே தவறு என்று நுணுக்கமாக வாதிட்டனர். வழக்கறிஞர்கள் வாதிடாத காலம் எது? நீதிமன்றம் இசையவில்லை. நோயாளியின் சம்மதமின்றிக் கூடிய எலும்பை முறிப்பது தகாது என்பது மருத்துவர்களின் சாட்சியத்தாலேயே விளங்குகின்றது; அதுவே அத்தொழிலின் வழக்கமும் சட்டமும்; அதற்கு மாறாக நடப்பது திறமையின்மையே என்று கூறிற்று. தனக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவன் மனத்தைத் திடப்படுத்திக்கொள்வான் என்றும் கூறிற்று. மயக்க மருந்து என்பதே இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட சொல் இது என்பதை நீங்கள் மறக்கலாகாது.

இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1782-ல், நிபுணர் சாட்சியத்தின் காரணத்தைத் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு தெளிவாக்கினார். அது மருத்துவ வழக்கே அன்று. நார்போக் கடற்கரையில் வெல்ஸ் என்ற துறைமுகம் மணல் தூர்ந்து போயிற்று. அதற்கு அருகில் எழுப்பிய கரைதான் காரணமா என்பது கேள்வி. கலங்கரை விளக்கம் கட்டிப் புகழ் பெற்ற பொறியாளர் ஸ்மீட்டன் சாட்சி சொல்ல வந்தார். கருத்தைச் சொல்லலாகாது என்று எதிர்த்தரப்பினர் தடுத்தனர். அறிவியலில் வல்லவர் தம் அறிவைக் கொண்டு உண்மையான காரணத்தை விளக்குவது முறையான சாட்சியமே என்றார் மான்ஸ்பீல்டு. அன்று முதல் ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளிலெல்லாம் நிபுணர்களுக்குக் கதவு அகலத் திறந்தது. ஆனால் அந்நாடுகளில் நிபுணரை அழைப்பவர் பெரும்பாலும் வழக்காடுபவர். ஊதியம் தருபவரும் அவரே. ஆகவே தன்னை அழைத்தவர் பக்கம் சாயும் நிபுணரும் தோன்றினார். இது மிகவும் முற்றியதால், 1999-ல் இங்கிலாந்தின் சிவில் நடைமுறை விதிகள், நிபுணரின் முதற்கடமை நீதிமன்றத்துக்கே உரியது, கூலி கொடுப்பவருக்கு அன்று என்று எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

பொய் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம். வாய் திறவாத சாட்சியை என்ன செய்வது? அமெரிக்காவில் இத்துன்பம் நெடுங்காலம் இருந்தது. 1880-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வழக்கு. கண்ணாடியால் மணிக்கட்டு அறுபட்டவருக்குச் சிற்றூர் மருத்துவர் ஒருவர் சிகிச்சை செய்தார். சிற்றூர் மருத்துவரிடம் பெருநகர மருத்துவரின் திறமையை எதிர்பார்க்கலாகாது, அதே போன்ற ஊர்களில் உள்ளவர்களின் திறமையே அளவுகோல் என்று நீதிமன்றம் கூறிற்று. வண்டிப் பாதையும் தபாலும் மட்டுமே இருந்த காலத்தில் இது நியாயமாகத் தோன்றியிருக்கலாம். இவ்விதியின் பயன் என்னவாயிற்று? வெளியூர்ப் பேராசிரியர் சாட்சி சொல்ல வந்தால், எங்கள் ஊர் வழக்கம் உமக்குத் தெரியாது என்று தள்ளினார்கள். உள்ளூர் மருத்துவரோ தினமும் முகம் பார்க்கும் தோழருக்கு எதிராக வாய் திறக்கவில்லை. நோயாளிக்குப் பேசுவார் எவருமில்லை.

இவ்விதி அங்கே 88 ஆண்டுகள் நின்றது. 1958-ல் நியூ பெட்போர்டு நகரில் பிள்ளை பெற்ற பெண்ணொருவருக்கு முதுகுத்தண்டில் மரத்துப்போகும் மருந்து 8 மில்லிகிராம் செலுத்தப்பட்டது. சில மணி நேரங் கழித்துக் கட்டிலிலிருந்து இறங்க முயன்றவர் கீழே விழுந்தார். கால் மரத்தது மரத்தபடியே நின்றது. 5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோதான் முறை என்று சாட்சிகள் கூறினர். எங்கள் ஊரில் 8 கொடுப்பதுதான் வழக்கம் என்பது எதிர்வாதம். நியூ பெட்போர்டு நகருக்கும் மருத்துவத்துக்குப் பேர்போன பாஸ்டன் நகருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 50 மைல்! ஐம்பது மைல் தூரத்தில் மனிதனின் முதுகுத்தண்டு மாறிவிடுமா? 1968-ல் மாநில உச்ச நீதிமன்றம் பழைய விதியைக் கைவிட்டு, மறுவிசாரணைக்கு ஆணையிட்டது.

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். 1954-ல் பிரையர்ன் மனநல மருத்துவமனையில் போலம் என்பவருக்கு மின் அதிர்ச்சிச் சிகிச்சை செய்தனர். மின்சாரம் பாயும்போது உடல் வலிப்புற்றுத் துள்ளும். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை. உடலை அழுத்திப் பிடிக்கவும் இல்லை. இடுப்பு மூட்டுகள் இரண்டும் நொறுங்கின. 1957-ல் வழக்கு விசாரணைக்கு வந்தது. மருத்துவர் சிலர் தளர்த்தும் மருந்து தருவோம் என்றனர். சிலர், அம்மருந்திலும் ஆபத்து உண்டு, நாங்கள் தருவதில்லை என்றனர். இருசாராரும் கற்றவர், இருசாராரும் நேர்மையாளர். ஜூரர்கள் யாரை நம்புவது? நீதிபதி மக்நேர் அவர்களுக்கு வழி சொன்னார். பொறுப்புள்ள மருத்துவர் குழாம் ஒன்று முறையென ஏற்கும் வழியில் ஒருவர் நடந்தால், வேறு குழாம் மாறாகக் கருதுவதாலேயே அவர் கவனக்குறைவு உடையவர் ஆகமாட்டார் என்றார். போலம் தோற்றார்.

இத்தீர்ப்பு மருத்துவருக்குப் பெரும் பாதுகாவலாக அமைந்தது. அதில் நியாயமும் உண்டு. மருத்துவத்தில் இரு வழிகள் இருப்பது இயற்கை. துணிந்து புதுவழி நாடுபவரைச் சட்டம் அச்சுறுத்தினால் நாளை நோயாளிக்கே நட்டம். ஆயினும் எனக்கு இதில் ஒரு குறை தோன்றுகிறது. தமக்குச் சாதகமாகப் பேசும் சில மருத்துவரைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டால் வழக்கு முடிந்தது என்று ஆகிவிடாதா? 1767-ல் மருத்துவர்கள் சொன்னதை எடைபோட்டு முடிவு கண்டது நீதிமன்றம். 1957-க்குப் பின் தராசு மெல்ல மெல்ல மருத்துவர் கைக்கே போயிற்று.

அத்தராசைத் திரும்பப் பெற நாற்பது ஆண்டுகள் ஆயின. இங்கே ஒரு வியப்பு. வழக்குத் தோன்றிய இடம் அதே புனித பர்த்தலோமேயு மருத்துவமனை. 1984 ஜனவரியில் இரண்டு வயதுக் குழந்தையொன்று மூச்சுத்திணறலோடு அங்கே சேர்க்கப்பட்டிருந்தது. மூச்சு முட்டிய இரு வேளைகளிலும் செவிலி மூத்த மருத்துவரை அழைத்தும் அவர் வரவில்லை. பின்னர்க் குழந்தையின் மூச்சு அடைத்து, இதயம் நின்று, மூளை பழுதுற்றது. மருத்துவர் வாராதது குற்றமென்பதை ஒப்புக்கொண்டார்கள். அவர் வந்திருந்தாலும் மூச்சுக்குழலில் குழாய் செலுத்தியிருக்க மாட்டார், செலுத்தாதது பிழையும் அன்று என்பதே எதிர்வாதம். எட்டு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். குழாய் செலுத்தியிருக்க வேண்டும் என்றவர் ஐவர். வேண்டியதில்லை என்றவர் மூவர். விசாரித்த நீதிபதி, மருத்துவம் அறியாத தம் உள்ளம் ஐவர் பக்கமே சாய்வதாக வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அச்சாய்வைக் கொண்டு தீர்ப்பெழுதலாகாது என்று ஒதுக்கினார். 1997-ல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை உறுதி செய்தது. அதே சமயத்தில், நிபுணர் கூறும் கருத்து தருக்கத்துக்குப் பொருந்த வேண்டும், ஆபத்தையும் நன்மையையும் எடைபோட்டதாக இருக்க வேண்டும், பொருந்தாத கருத்தைப் பெரிய மருத்துவர் சொன்னாலும் நீதிமன்றம் ஏற்கக் கடமைப்பட்டதன்று என்றும் கூறிற்று. விதி நோயாளிகளுக்குக் கிடைத்தது. அதைப் பெற்றுத் தந்த தாயோ வழக்கில் தோற்றாள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1953 மே மாதத்தில் இரத்தினகிரி மாவட்டத்துப் பால்ஷேத் கடற்கரையில் இளைஞரொருவர் தொடை எலும்பு முறிந்து வீழ்ந்தார். சுமார் 200 மைல் மோட்டார் வண்டியில் கொண்டு வந்து புனாவில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தனர். அன்றிரவே அவர் மாண்டார். முழு மயக்க மருந்து கொடாமல், ஆட்களை வைத்து மிகுந்த பலத்துடன் காலை இழுத்ததால் உண்டான அதிர்ச்சியே காரணம் என்றனர் பெற்றோர். எலும்பின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து அடைத்ததே காரணம் என்றார் மருத்துவர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1968-ல், உச்ச நீதிமன்றம் பெற்றோர் கூற்றையே ஏற்றது. இழப்பீடு 3,000 ரூபாய். சிலேட்டரின் காலை இழுத்த கைகளும் இவ்விளைஞரின் காலை இழுத்த கைகளும் என் நினைவில் அடுத்தடுத்து வந்து நிற்பதை என்னால் தவிர்க்க முடிவதில்லை.

நுகர்வோர் சட்டம் மருத்துவருக்குப் பொருந்தாதென்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்ததை 1995-ல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. வழக்குகள் பெருகின. மருத்துவர் எடுத்ததற்கெல்லாம் சிறைக்கு அஞ்சி நடுங்கலாகாதென்று, 2005-ல் அதே நீதிமன்றம் ஒரு காப்பு வகுத்தது: கவனக்குறைவென்று குற்ற வழக்குத் தொடுக்கும் தனிமனிதர் தகுதியுள்ள மற்றொரு மருத்துவரின் நம்பத்தக்க கருத்தைக் கொண்டு வர வேண்டும். நல்ல காப்புத்தான். ஆனால் அக்கருத்தை எழுதித் தரும் மருத்துவரை ஏழை எங்கே தேடுவான்? 2010-ல் ஐதராபாத் வழக்கொன்றில் இதற்கு ஓரளவு விடை வந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு டைபாய்டு சிகிச்சை செய்த வழக்கு அது. நுகர்வோர் மன்றத்தில் எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமன்று, பிழை தானாகவே விளங்கும் இடத்தில் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பிழை தானாக விளங்காத வழக்குகளில் இன்றும் மருத்துவரே வந்து பேச வேண்டும்.

என் மாணவர் அன்றிரவு வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு, அந்த 1767-ஆம் ஆண்டு மருத்துவர்களின் பெயர் என்ன என்று கேட்டார். எலும்பைப் பற்றியும் கருவியைப் பற்றியும் அவர்கள் சொன்னதைத் தாங்கி நிற்கும் வழக்கறிக்கை அவர்களை 'ஓர் அறுவை மருத்துவர்', 'மற்றோர் அறுவை மருத்துவர்' என்று மட்டுமே குறிப்பிடுகின்றது என்றேன்.

பல மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். தம் ஆசிரியர் எலும்பைப் பொருத்திய விதத்தில் பிழையில்லை என்றும், ஆனால் பத்தாம் நாள் நோயாளி வலியென்று வந்தபோது எக்ஸ்ரே படம் எடுத்துப் பாராமல் திருப்பி அனுப்பியது முறையன்று என்றும் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆணையத்தில் குறுக்கு விசாரணையும் நடந்ததாம். முடிவு அப்போது வரவில்லை. பின்னர் நான் கேட்கவும் இல்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ஆசிரியர் எதிர்ப்பட்டாராம். இவர் கைகூப்பி நின்றார். பெரியவர் சற்று நேரம் நின்று பார்த்தார். "அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். தேவலை என்று இவர் சொன்னார். அவர் தலையசைத்துவிட்டு மெல்லப் படியிறங்கிப் போனார்.